சுவரிலும் தோட்டத்திலும் சிலந்திகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் சிலந்திகளைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என் மகனுக்கு எட்டு வயது. பாடத்தில் சிலந்தியைப் பற்றிப் படித்ததிலிருந்து நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். எங்களுடையது பின்கட்டும் சிறு தோட்டமும் உள்ள பழைய ஓட்டு வீடு. எங்கே, எந்த நேரத்தில் தேட வேண்டும்? கருவி ஏதேனும் வாங்க வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

ஓட்டு வீடும் பின்கட்டும் இருக்கும்போது நீங்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஒரு டார்ச் விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, பையன் எழுதிவைக்க ஒரு நோட்டு ஆகிய மூன்றும் போதும். எட்டுக்கால் பூச்சி என்று நாம் சொல்லிப் பழகியிருந்தாலும் சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்தது அன்று. பூச்சிக்கு ஆறு கால்களும் உணர்கொம்புகளும் உண்டு, சிலந்திக்கு எட்டுக் கால்கள், உணர்கொம்பு கிடையாது என்பதை முதலில் அவனையே எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க விடுங்கள்.

பகலில் வெயில் படும் சுவரிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே விரல்நகத்தைவிடச் சிறிய, சாம்பல் நிறச் சிலந்தி ஒன்று விட்டுவிட்டு ஓடுவதைக் காண்பீர்கள். வலை பின்னிக் காத்திராமல் ஈயைப் பதுங்கிச் சென்று பாய்ந்து பிடிப்பதால் இதற்கு ஈப்புலி என்று ஒரு பழைய பெயர் உண்டு. அதன் முன்னால் ஒரு சாண் தூரத்தில் விரலை மெதுவாக நகர்த்தினால், அது உடலையே திருப்பி உங்களை நேருக்கு நேர் பார்க்கும். அதன் எட்டுக் கண்களில் முகத்தின் நடுவே உள்ள இரண்டும் மிகப் பெரியவை. மற்றவை பக்கங்களிலும் பின்னாலும் நிகழும் அசைவை உணர்ந்து சொல்ல, இந்த இரண்டும் திரும்பி நின்று உருவத்தைக் கூர்ந்து பார்க்கின்றன. பாய்வதற்கு முன் அது வயிற்றின் நுனியைச் சுவரில் ஒருமுறை தொடும். அப்போதுதான் தன் காப்பு நூலை ஒட்டிவைக்கிறது. குறி தவறினாலும் கீழே விழாமல் அந்த நூலில் தொங்கி மேலேறி வந்துவிடும். காலை மடக்கத் தசைகள் இருந்தாலும், முக்கிய மூட்டுகளை நீட்டுவதற்குச் சிலந்தி உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தையே நம்பியிருக்கிறது. இறந்த சிலந்தி எப்போதும் கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடப்பது அந்த அழுத்தம் போய்விடுவதனால்தான்.

அடுத்து, தென்னை அல்லது வேப்பமரத்தின் அடிப்பகுதி. பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு, பின்னால் இரண்டு நீண்ட வால்களோடு தலைகீழாக இருக்கும் ஒரு சிலந்தி அங்கே கிடைக்கலாம். அந்த வால்கள் உண்மையில் நூல் சுரக்கும் உறுப்புகள். எங்கள் வீட்டு வேப்பமரத்தில் இருப்பதை நான் பல நாள் பார்த்தும் காணாமல், ஒரு கட்டெறும்பு அதன் அருகே ஏறியபோதுதான் கண்டுகொண்டேன். எறும்புக்கு முதுகைக் காட்டியபடி அது மின்னல்போல் வட்டமடித்தது; நான்கைந்து சுற்று முடிவதற்குள் எறும்பு மரத்தோடு சேர்த்து நூலால் கட்டப்பட்டுவிட்டது. அதன்பிறகே திரும்பி வந்து கடித்தது. அன்றிலிருந்து மரத்தைப் பார்க்கும்போது எறும்புச் சாரையையும் சேர்த்தே பார்க்கிறேன்.

இரவு வேட்டைக்குப் பையனை அழைத்துச் செல்வதானால் காலில் செருப்புக்குப் பதில் ஷூ அணிவித்து, பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். மழைக்குப்பின் பாம்பு நடமாட்டம் இருக்கும். டார்ச்சைக் கையைத் தாழ்த்திப் பிடிக்காமல், கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டின் ஓரமாகப் பிடித்துப் புல்தரையின் மீது ஒளியைச் செலுத்துங்கள். பனித்துளிபோல் ஆங்காங்கே பச்சை கலந்த வெள்ளைப் புள்ளிகள் மின்னும். பனித்துளி நீங்கள் நகர்ந்தால் அணைந்துவிடும். இந்தப் புள்ளிகளோ உங்களையே பார்த்து மின்னிக்கொண்டிருக்கும். பசுவின் கண் இரவில் ஒளிர்வது போலவே, ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குள் இருக்கும் படலம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு புள்ளியை நோக்கி நேராக நடந்து போய்க் குனிந்தால் சிலந்தியே அங்கு இருக்கும். வயிற்றின் நுனியில் உருண்டையான முட்டைப்பையை ஒட்டிக்கொண்டு திரியும் தாயையும், நற்பேறு இருந்தால் முதுகு முழுக்கக் குஞ்சுகளைச் சுமந்து செல்லும் தாயையும் காணலாம்.

மார்கழியில் கோலம் போட வாசலுக்கு வரும் நேரம் மூன்றாவது வாய்ப்பு. மருதாணி வேலியிலும் துளசி மாடத்தைச் சுற்றியும் முந்தின நாள் கண்ணுக்கே தெரியாத வலைகள் எல்லாம் பனிகோத்து நிற்கும். வெயில் ஏறிவிட்டால் அந்தக் காட்சி கிடைக்காது.

எங்கே தேடினாலும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போங்கள். பத்து இடங்களை ஒருநாள் பார்ப்பதைவிட ஒரு மூலையைப் பத்து நாள் பார்ப்பதில்தான் சிலந்தியின் வாழ்க்கை புலப்படும்.

போகிக்கு முன் வீடு முழுக்க ஒட்டடை அடிப்பது எங்கள் வழக்கம். சிலந்திகளும் உயிர்கள்தாமே, அவற்றைக் கலைப்பது பாவமில்லையா என்று என் பேத்தி கேட்கிறாள். என்ன சொல்வது?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பேத்தியின் கேள்வி உங்கள் ஊருக்கு மிகவும் பொருத்தமானது. பக்கத்திலேயே திருவானைக்காவில், வெண்ணாவல் மரத்தின் சருகுகள் இறைவன்மீது விழாதபடி வலையால் பந்தலிட்ட சிலந்தியே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று பெரியபுராணம் பாடுகிறது. அந்த வலையைத் தூய்மையற்றது என்று கருதி யானை கலைத்ததே அந்தக் கதையின் சிக்கல் என்பதையும் அவளுக்குச் சொல்லலாம்.

ஒட்டடை என்று நாம் அடிப்பதில் பெரும்பகுதி, சிலந்தி கைவிட்டுப் போய்த் தூசியும் புகையும் படிந்த பழைய நூல்தான்; அதை அகற்றுவதால் எந்த உயிருக்கும் கேடில்லை. ஆகவே கம்பை ஓங்குவதற்கு முன் ஒவ்வொரு மூலையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உத்தரத்தின் மூலையில் நூல்போன்ற நீண்ட கால்களோடு தலைகீழாகத் தொங்கும் சிலந்தி இருந்தால், வலையை ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டதுமே அது உருவமே தெரியாத அளவுக்குக் கிடுகிடுவென்று ஆடும். கொத்த வரும் எதிரிக்குக் குறி கிடைக்காமல் செய்யும் உத்தி இது. அதன் வாயருகே மணிக்கோவை போன்ற ஓர் உருண்டை தெரிந்தால் அது முட்டைக் கொத்து. குஞ்சு பொரிக்கும்வரை தாய் அதைத் தன் தாடைகளிலேயே கவ்விக்கொண்டிருக்கும். உலகிலேயே கொடிய நஞ்சு இதற்குத்தான் என்றும், பல் சிறியதால் மனிதரைக் கடிக்க முடிவதில்லை என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் உண்மை இல்லை.

சமையலறையிலும் பூசையறையிலும் சுத்தம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அங்கே இருப்பவற்றை ஓர் அகலமான டப்பாவில் ஏந்திக் கொல்லைப்புறத்தில் விடுங்கள். மாடிப்படிக்குக் கீழும் மோட்டார் அறையிலும் இருக்கும் மூலைகளில் இரண்டையாவது பேத்தியின் பெயரில் ஒதுக்கிக் கொடுங்கள்.

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி; வயிற்றின் கீழ் வெள்ளை வில்லை போன்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் எல்லோரும் அலறுகிறார்கள். அடித்துவிடலாமா?
– வாசகர், மதுரை

வேண்டாம். அந்த வில்லை அதன் முட்டைப்பை; சுமார் 200 வரை குஞ்சுகள் அதிலிருந்து வரக்கூடும். வலை கட்டாமல் இரவில் சுவரில் நின்று கரப்பான் பூச்சிகளை வேட்டையாடும் இந்தச் சிலந்தி, கால்களை விரித்தால் 10 செ.மீ. வரை இருக்கும். ஆசியாவிலிருந்து கப்பல் சரக்கோடும் வாழைக்குலைகளோடும் பயணம் செய்து இன்று வெப்பமண்டல நாடுகள் எங்கும் வீடுகளில் வாழ்கிறது. தட்டையான உடல் என்பதால் கதவின் இடுக்குக்குள் பகலைக் கழித்துவிடும். மனிதரைத் தேடி வந்து கடிப்பதில்லை. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், அது குளவி கொட்டியது போல் சற்று நேரம் வலிக்கும்.

குஞ்சுகள் வீட்டுக்குள் பொரிவதை விரும்பாவிட்டால், ஒரு பெரிய பிளாஸ்டிக் கிண்ணத்தை அதன்மேல் மெதுவாகக் கவிழ்த்து, கால் எதுவும் விளிம்பில் சிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, சுவருக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு காலண்டர் அட்டையை நுழையுங்கள். விறகு அடுக்கியிருக்கும் இடத்திலோ மதில் ஓரத்திலோ விட்டுவிடலாம். வில்லையைப் பிடித்திருக்கும் தாய் அவ்வளவு வேகமாக ஓடாது என்பதால் இந்த வேலை நீங்கள் நினைப்பதைவிட எளிது.

எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்தால் உடம்பில் கொப்புளம் வரும், அதுதான் அக்கி என்று என் மாமியார் உறுதியாகச் சொல்கிறார். சென்ற மாதம் என் கழுத்தில் காலையில் எழுந்தபோது கோடு போட்டதுபோல் எரிச்சலும் கொப்புளமும் வந்தன. சிலந்தியின் வேலையா?
– வாசகி, திருநெல்வேலி

இந்தக் கேள்வியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். தமிழகத்தில் சிலந்திகள் அடிபட்டுச் சாவதற்கு இந்த ஒரு நம்பிக்கையே பெரிய காரணமாக இருக்கிறது. சிலந்தி மனிதர்மேல் சிறுநீர் பீய்ச்சுவதில்லை. அதன் கழிவு சுண்ணாம்புக் குழம்பு போன்ற சிறு வெள்ளைச் சொட்டு. அது தோலைப் புண்ணாக்குவதும் இல்லை. தரையிலோ அலமாரியின் மேலோ அப்படிப்பட்ட வெள்ளைப் பொட்டுகளைக் கண்டால் நேர் மேலே அண்ணாந்து பாருங்கள், அங்கே ஒரு சிலந்தி குடியிருக்கும். தேடுபவர்களுக்கு இது நல்ல அடையாளம்.

உங்கள் கழுத்தில் வந்ததைப் பார்க்காமல் நோயின் பெயரை நான் சொல்லக் கூடாது. ஆயினும் மழைக்காலத்தில், ஒரே இரவில், கோடு இழுத்ததுபோல் வரும் எரிகொப்புளத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு சின்னஞ்சிறு வண்டு. ஒரு செ.மீ.-க்கும் குறைவான நீளம், எறும்பு போன்ற ஒடுங்கிய உடல், கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறி வரும் பட்டைகள் ஆகியவற்றைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். வயல்களில் வாழும் இது, மழை பெய்த இரவுகளில் ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இது கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. தூக்கத்தில் நாம் அதைத் தோலோடு வைத்துத் தேய்த்து நசுக்கும்போது அதன் உடல்நீரில் இருக்கும் நச்சு தோலில் படர்கிறது. கை இழுத்த வழியே கோடு உண்டாகிறது. எரிச்சல் உடனே தோன்றாமல் ஒரு நாள் கழித்து வருவதால், அந்த நேரத்தில் சுவரில் எது கண்ணில் படுகிறதோ அதன்மேல் பழி விழுகிறது. சுவரில் எப்போதும் இருப்பது சிலந்திதானே! இனி அந்த வண்டு உடம்பில் ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதே கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

அக்கி இதிலிருந்து வேறுபட்டது. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்புகளுக்குள் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போது மீண்டும் கிளம்பி, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் கொப்புளக் கொத்துகளாக வெளிப்படுவதே அக்கி. அதற்கான மருந்தை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. செம்மண் குழைத்து அக்கி எழுதும் வழக்கம் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும்; அதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், கண்ணருகே வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள் என்று மாமியாரிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

துணி உலர்த்தும் கொடிக்கும் மாதுளைச் செடிக்கும் நடுவே தினமும் மாலையில் பெரிய வட்ட வலை ஒன்று இருக்கிறது, காலையில் காணவில்லை. யார் கலைக்கிறார்கள்? எப்படித் திரும்பக் கட்டுகிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

கட்டியதே கலைக்கிறது. கலைக்கிறது என்பதைவிடத் தின்றுவிடுகிறது என்பதே சரி. வலையின் நூல் முழுக்கப் புரதம். ஓர் இரவின் காற்றிலும் தூசியிலும் அதன் பசை குறைந்துவிடுவதால், விடியுமுன் சிலந்தி வலையைச் சுருட்டி விழுங்கிவிட்டு இலையின் அடியில் ஒளிந்துகொள்கிறது. அந்தப் புரதம் மறுநாள் நூலாகத் திரும்பவும் வெளிவரும்.

கட்டுவதைக் காண விளக்கேற்றும் நேரத்துக்கு ஒரு நாற்காலியோடு போய் உட்காருங்கள். டார்ச் ஒளியை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் வைத்தால் நூல் பளிச்சென்று தெரியும். முதலில் சிலந்தி வயிற்றை உயர்த்தி ஒரு நூலைக் காற்றில் விடும். அது எதிரே எங்காவது ஒட்டிக்கொண்டதும் இழுத்து இறுக்கிப் பாலமாக்கும். பாலத்தின் நடுவிலிருந்து கீழே இறங்கி மூன்று கைகள் கொண்ட ஒரு கவட்டை அமைத்து, அந்த நடுப்புள்ளியிலிருந்து சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி கோப்பதுபோல் ஆரங்களை ஒவ்வொன்றாக இழுக்கும். பிறகு நடுவிலிருந்து வெளியே நோக்கி இடைவெளி விட்டு ஒரு சுருளைப் போடும். இது சாரம் மட்டுமே. கட்டடம் முடிந்ததும் பிரிக்கப்படுவது. கடைசியில் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கித் திரும்பி வந்து பசையுள்ள உண்மையான சுருளை நெருக்கமாகப் போட்டுக்கொண்டே, சாரத்தை வெட்டி அகற்றிவரும். இந்தக் கட்டத்தில் அதன் பின்னங்காலை மட்டும் கவனியுங்கள். ஒவ்வோர் ஆரத்தையும் கடக்கும்போது நூலை இழுத்து, ஒட்டி, விடும் அந்த அசைவு தறியில் பழகிய கையின் ஒழுங்கோடு நூற்றுக்கணக்கான முறை மாறாமல் நடக்கும். நான் பார்த்த ஒரு வலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆரங்கள் வெறுமையாகவும், சுருள் நூலில் மட்டும் பசைத்துளிகள் மணிமணியாகவும் இருப்பது தெரியும்.

பகலிலும் வலை நடுவே அசையாமல் தலைகீழாக இருக்கும், மஞ்சள் பட்டைகள் கொண்ட சிலந்தி ஒன்றையும் உங்கள் தோட்டத்தில் தேடிப் பாருங்கள். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் வைத்து, அதே வடிவில் வெள்ளை நெளிகோடுகளையும் வலையில் நெய்திருக்கும். அந்தக் கோடுகள் பூச்சிகளைக் கவரவா, பறவைகள் மோதாமல் எச்சரிக்கவா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை.

எங்கள் மாமரத்தில் முசுறு எறும்புகள் அதிகம். அவற்றுள் ஒன்று நேற்று நூல் விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. எறும்பு நூல் விடுமா?
– வாசகர், நாகர்கோவில்

வளர்ந்த முசுறு நூல் விடாது. இலைகளைச் சேர்த்துக் கூடு தைப்பதற்குக்கூட அது தன் புழுக்களின் வாய்நூலையே பயன்படுத்துகிறது. நீங்கள் கண்டது முசுறின் வேடத்தில் வாழும் ஒரு சிலந்தி, மேலே சொன்ன ஈப்புலியின் உறவு. நிறமும் ஒடுங்கிய இடையும் அப்படியே முசுறுதான். முன்னங்கால்களை உயர்த்தி உணர்கொம்புபோல் ஆட்டும். முசுறின் கடிக்கு அஞ்சிப் பறவைகள் அதை விட்டுவிடுவதால் இதற்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் எறும்புகளோடு அது ஒட்டி உறவாடுவதில்லை, எதிரே வந்தால் விலகி ஓடும். ஆண் சிலந்தியின் தாடைகள் முன்னால் நீண்டிருப்பதால், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிச் செல்வதுபோல் தோன்றும். கால்களை எண்ணுங்கள், ஐயம் தீரும்.

பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சிலந்திகளைக் கணக்கெடுக்க விரும்புகிறேன். இனப்பெயர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? மரப்பொந்தில் கையளவு மயிர்ச்சிலந்தி இருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதைப் பிடித்து வகுப்பில் வைக்கலாமா?
– ஆசிரியை, இராமநாதபுரம்

பின்கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பிடிக்கவே கூடாது. உங்கள் மாவட்டத்து இராமேசுவரத்தில் கண்டறியப்பட்டு, அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரையே தாங்கி 2004-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஒரு மரச்சிலந்தி, இன்று மிக அருகிவிட்ட இனமாக உலகப் பட்டியலில் இருக்கிறது. அது வாழ்வதற்குப் பொந்துள்ள பழைய மரங்கள் வேண்டும். அவை வெட்டப்பட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. வளர்ப்பு வணிகத்துக்காக இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் திருடப்படுவதால், 2019-இல் அந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரப்பட்டது. கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு உண்டாகும் என்பதால் பிள்ளைகள் பொந்துக்குள் கையோ குச்சியோ விடக் கூடாது. இரவில் சற்றுத் தள்ளி நின்று மங்கலான ஒளியில் பாருங்கள். படம் எடுத்து இணையத்தில் போட்டாலும் மரம் இருக்கும் இடத்தைக் குறிப்பிடாதீர்கள்.

பெயர்களைப் பொறுத்தவரை, குடும்ப அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மையான வழி. உலகில் 2022-இல் 50,000-ஐத் தாண்டிவிட்ட சிலந்தி இனங்களுள் பலவற்றை நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்புகளைப் பார்த்தே பிரிக்க முடியும். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லி தென்னிந்தியச் சிலந்திகளை ஆராய்ந்ததும், பி. கே. திகாதர் 1987-இல் இந்தியச் சிலந்திகளுக்குக் கையேடு வெளியிட்டதும் அப்படிப்பட்ட பொறுமையான உழைப்பினால்தான். பிள்ளைகள் வலையின் வடிவம், இருந்த இடம், நேரம், பிடித்திருந்த இரை ஆகிய நான்கையும் எழுதினால், அதுவே பயனுள்ள பதிவு.

பிள்ளைகளுக்கு உதவ ஒரு குளவியும் இருக்கிறது. சுவரில் மண்ணால் கூடு கட்டும் மெல்லிடைக் குளவிகளுள் ஒருவகை, தன் புழுவுக்கு உணவாகச் சிலந்திகளையே கொட்டிச் செயலிழக்கச் செய்து அறைக்குள் அடைத்துவைக்கிறது. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையால் நம் வீடுகளில் அதை எளிதில் உடைக்க மாட்டார்கள். அதனால் சாளர விளிம்புகளில் கூடுகள் நிறைய இருக்கும். புதுக்கூட்டைத் தொடாதீர்கள். வெள்ளையடிக்கும்போது தானாகப் பெயர்ந்து விழுந்த ஒன்றை நான் ஒருமுறை செய்தித்தாளின்மேல் வைத்துப் பிரித்தேன். ஒரே அறைக்குள் 11 சிலந்திகள் கால் மடங்கி அடுக்கப்பட்டிருந்தன. ஊதினால் ஒன்றிரண்டின் கால் நுனி இன்னும் அசைந்தது. அவற்றில் நான்கு, பல ஆண்டுகள் பார்த்தும் எங்கள் தோட்டத்தில் நான் ஒருமுறைகூடக் கண்டிராதவை.